ஆபரேஷன் பர்கா: 1955லேயே சட்டம் இருந்தும் 1978 வரை ஏன் ஒன்றும் நகரவில்லை?

புத்தக_அலமாரி (கேள்வி)

நிலச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தாலே எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டே பாட்டுதான். "அடியோடு புரட்டிப் போடாமல் எதுவும் மாறாது" என்பது ஒன்று. "நல்ல சட்டம் போட்டால் போதும்" என்பது மற்றொன்று. அடுத்த கூட்டத்துக்கு மேற்கு வங்கத்தை எடுத்திருக்கிறோம். 1967ல் நக்சல்பாரி உழவர் எழுச்சி, 1978ல் வாரத்துக்கு உழுபவர் பெயரைப் பதிந்த ஆபரேஷன் பர்கா, இரண்டும் ஒரே மாநிலம், இடையில் பதினோரு வருஷம். ஒப்பிட இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று தோன்றியது.

தத்துவம் வேண்டாம், அது எங்களிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது. கேட்பது இவைதான். பர்கா சட்டப்படி கிராமத்துக்குள் அதிகாரி வந்து என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார்? உழுபவருக்கு நிலத்தையே கொடுக்காமல் பெயரை மட்டும் பதிந்தது ஏன்? நம் தமிழ்நாட்டிலும் 1969ல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததே, அது ஏன் அப்படி ஓடவில்லை?

---

வரப்பு

முதலில் ஒரு விஷயம். "பர்கா சட்டம்" என்று ஒன்று கிடையாது. அது ஏற்கெனவே இருந்த சட்டத்தை நடைமுறைப்படுத்திய ஒரு நிர்வாக இயக்கம். உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

பர்கா என்றால் பங்கு. பர்காதார் நம்மூர் வாரக்காரர்தான். நிலம் இன்னொருவருடையது, உழைப்பு இவருடையது, விளைச்சலில் பிரிவு. வங்காளத்தில் இந்தப் பிரிவுக் கணக்கைச் சட்டம் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே வந்தது. 1940ல் ஃப்ளவுட் கமிஷன் வாரக்காரருக்கு மூன்றில் இரண்டு பங்கு தரச் சொன்னது. 1946-47ல் வாரக்காரர்களின் தேபாகா கிளர்ச்சி அதையே கேட்டது. 1955ன் நிலச் சீர்திருத்தச் சட்டம், ஏர், மாடு, விதை, எரு எல்லாம் வாரக்காரர் போட்டால் 60:40 என்றது. 1970களின் தொடக்கத்தில் வந்த திருத்தம் அதை 75:25 ஆக்கி, சாகுபடி உரிமை வாரிசுக்கும் போகும் என்றது. நில உடைமையாளர் இடுபொருள் தந்தால் மட்டும் பாதிக்குப் பாதி.

காகிதத்தில் பங்கு ஏறிக்கொண்டே போனது, களத்து மேட்டில் மட்டும் பாதிக்குப் பாதி அசையவில்லை. காரணம் எளிது: யார் வாரக்காரர் என்று எந்த ஏட்டிலும் இல்லை. எல்லாம் வாய்வார்த்தை. பெயர் இல்லாதவருக்குச் சட்டம் 75 கொடுத்தாலும் 90 கொடுத்தாலும் ஒன்றுதான். இன்னும் மோசம், ஒவ்வொரு முறை பங்கு ஏறியபோதும் உடைமையாளர் உஷாராகிப் பழைய ஆளை வெளியேற்றி வேறு ஆளைப் போட்டார். நல்ல நோக்கத்தோடு போட்ட திருத்தமே வெளியேற்றத்தைக் கூட்டியது.

1977-78ல் மாறியது இரண்டு. சட்டத்தில் ஒன்று, நடைமுறையில் ஒன்று.

சட்டத்தில் மாறியது நிரூபிக்கும் பொறுப்பு. அதுவரை "நான் வாரக்காரன்" என்று உழுபவர் நிரூபிக்க வேண்டும். ரசீது தரமாட்டார்கள், சாட்சி சொல்ல ஆள் வராது, எப்படி நிரூபிப்பது? 1977 திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. ஒருவர் இன்னொருவர் நிலத்தை உழுகிறார், உடைமையாளரின் குடும்பத்தவர் இல்லை என்றால், அவர் வாரக்காரர் என்றே எடுத்துக்கொள்ளப்படும். "இல்லை, கூலியாள்தான்" என்றால் அதை உடைமையாளர் நிரூபிக்கட்டும். ஒரே ஒரு பிரிவு. பங்கு விகிதத்தை ஒரு தானியம்கூட ஏற்றவில்லை.

நடைமுறையில் மாறியது இடமும் நேரமும். 1978 மே மாதம் ஹூக்ளி மாவட்டத்தில் ஹாலுசாய் என்ற ஊரில் வருவாய் அதிகாரிகளையும் ஏழை உழவர்களையும் ஒன்றாகத் தங்கவைத்து ஒரு முகாம் நடந்தது. அப்போதைய நிலச் சீர்திருத்த ஆணையர் டி. பந்தோபாத்யாய, அமைச்சர் பினய் சவுத்ரி. அங்கே உழவர்கள் சொன்ன குறை ரொம்பச் சாதாரணமானது: சர்வே ஆள் ஊருக்கு வந்தால் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்கிறார், அங்கேயே சாப்பிடுகிறார், பகலில் விசாரிக்கிறார். பகலில் நாங்கள் வயலில். அப்படியே வந்தாலும் அந்தத் திண்ணையில் நின்று அந்த வீட்டுக்காரருக்கு எதிராக வாய் திறப்போமா?

அதற்குப் பிறகு வகுத்த வரிசை ஏறக்குறைய இதுதான்:

வாரக்காரர் நெருக்கமாக இருக்கும் பகுதியை முதலில் தேர்ந்தெடுப்பது. மாநிலம் முழுக்க ஒரே நாளில் விசிறாமல், ஆள் அதிகம் உள்ள இடத்தில் குவிப்பது. பிறகு, தனி அமீனாக (நில அளவையாளராக) இல்லாமல் ஒரு குழுவாக அங்கே போய்த் தங்குவது. மூன்றாவதுதான் உயிர்நாடி: மாலைக் கூட்டம். வேலை முடிந்து வந்தபின், வாரக்காரர்கள் குடியிருக்கும் தெருவிலேயே கூட்டம். சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி, கோருபவர் பெயரை எல்லார் முன்னிலையிலும் எழுதுவது. நான்காவது, மறுநாள் வயல்வெளிக்கே போய் எந்தத் துண்டு யார் உழுவது என்று அக்கம்பக்கத்து வயல்காரர்களையும் வைத்துச் சரிபார்ப்பது. ஐந்தாவது, வரைவுப் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் தொங்கவிட்டு, உடைமையாளரின் ஆட்சேபத்தைக் கேட்டு, முடிவெடுத்து, கையில் சான்றிதழ் கொடுப்பது.

கூட்டமாகப் பதிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தனியாகத் தாலுகா ஆபீசுக்கு மனுப் போடுபவர் மறுநாளே ஊரில் தனிமரம். நாற்பது பேர் ஒரே ராத்திரியில் பதிந்தால் நாற்பது பேரையும் வெளியேற்ற முடியாது, அறுவடைக்கு ஆள் கிடைக்காது. அதே 1978 ஜூனில் பஞ்சாயத்துத் தேர்தலும் நடந்து முடிந்திருந்தது. புது உறுப்பினர்கள் பக்கத்தில் நின்றது பெரிய பலம்.

கடன்தான் கண்ணி. ஆமன் நெல் அறுவடைக்கு முன் இரண்டு மாதம் வீட்டில் அரிசி இருக்காது. அந்த அரிசியைக் கடனாகக் கொடுப்பவர் நில உடைமையாளர். பெயரைப் பதிந்தால் அந்தக் கடன் நிற்கும். இதைக் கவனிக்காமல் பதிவு மட்டும் நடந்த இடங்களில் ஆட்கள் பின்வாங்கினார்கள், அல்லது பதிந்த பிறகும் பழையபடி பாதி அளந்தார்கள். அதனால்தான் சான்றிதழைக் காட்டினால் வங்கிக் கடன் என்ற ஏற்பாடும், வேலைக்கு உணவுத் திட்டமும் கூடவே வந்தன.

பங்கை உடைமையாளர் வாங்க மறுத்தால்? இது பழைய தந்திரம்: வாங்காமல் விட்டு, "பங்கு தரவில்லை" என்று வெளியேற்ற வழக்குப் போடுவது. அதற்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. உரிய அதிகாரியிடம் பங்கைச் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளலாம். முகாம்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1990கள் வாக்கில் பதிவான வாரக்காரர் எண்ணிக்கை 14 லட்சத்தைத் தாண்டியது. பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே. "படிப்படியாக" என்றால் மெதுவாக என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நிலத்தையே ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு: உடைமையை மாற்றினால் இழப்பீடு, வழக்கு, தடையாணை, எல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் வரும். அதோடு வங்காளத்தில் வாரத்துக்கு விட்டவர் எல்லாரும் ஜோதேதார் (பெரிய நிலக்காரர்) இல்லை. ஊரைவிட்டு நகரத்துக்குப் போன பள்ளி ஆசிரியர், குமாஸ்தா, இரண்டு பிகா (ஒரு ஏக்கருக்கும் குறைவு) வைத்திருக்கும் விதவை, இவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கும் அரசு அடுத்த தேர்தலைப் பார்க்காது. வெளியேற்ற முடியாது என்ற உறுதி மட்டும் கிடைத்தால் போதும், கிணறு வெட்டலாம், கூடுதல் எரு போடலாம். அந்தக் கணக்கில் போனார்கள்.

---

சிவப்புத்துண்டு

வரப்பு எழுதியது அத்தனையும் சரி. ஆனால் கதை 1978ல் ஆரம்பித்த மாதிரி இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

மூன்றில் இரண்டு பங்கு என்று கமிஷன் 1940ல் எழுதி வைத்தது அலமாரியில் தூங்கியது. அதை எழுப்பியது தேபாகாவில் நெல்லைத் தங்கள் களத்துக்கே தூக்கிப் போனவர்கள். 1967லும் 1969லும் வந்த ஐக்கிய முன்னணி அரசுகளில் ஹரே கிருஷ்ண கோனார் நில அமைச்சர். பினாமியில் மறைந்திருந்த நிலத்தை அவர் தோண்டி எடுத்தது ஆபீஸ் கோப்பை வைத்து இல்லை. 1953ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் நில உச்சவரம்பு தனி ஆளுக்கு 25 ஏக்கர். குடும்பக் கணக்கு கிடையாது. மனைவி, மைத்துனன், வேலைக்காரன், சில இடங்களில் பிறக்காத பிள்ளை பெயர்வரைக்கும் எழுதி வைத்தார்கள். எந்தத் துண்டு உண்மையில் யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஏட்டுக்குத்தான் தெரியாது. உழவர் சங்கம் ஊரைக் கூட்டி, நெல் யார் வீட்டுக்குப் போகிறது என்று சாட்சி சொல்ல வைத்தது. அந்தச் சாட்சியத்தைச் சட்டப்படி பதிந்து நிலத்தை எடுத்தார்கள்.

ஆக, மாலைக் கூட்டம் 1978ல் முளைத்தது அல்ல. வாய் திறந்தால் உயிர் போகாது என்ற தைரியம் அதற்குமுன் பத்து வருஷம் தெருவில் உருவாகியிருந்தது. அந்தத் தைரியத்தில் நக்சல்பாரிக்கும் பங்கு உண்டு. 1967 மே 25ல் அந்தப் பகுதியின் பிரசாதுஜோத் ஊரில் போலீஸ் சுட்டதில் 11 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தப் பயம் இல்லாவிட்டால் தில்லியோ கல்கத்தாவோ 1970களில் குடும்ப உச்சவரம்பு, வாரிசுரிமை என்றெல்லாம் திருத்தம் கொண்டு வந்திருக்குமா? சீர்திருத்தவாதி கதவைத் திறக்கும் முன் யாரோ அதை உதைத்திருக்கிறார்கள்.

---

வரப்பு

உதைத்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன தோழர். கோனார் வழியும் நக்சல்பாரித் தலைவர் சாரு மஜும்தார் வழியும் ஒன்றல்ல.

நக்சல்பாரி தொடங்கியபோது அது நக்சல்பாரி, கடிபாரி, பான்சிதேவா என்ற மூன்று காவல் நிலையப் பகுதிகளில் உழவர் சங்கம் கட்டிய இயக்கம். நிலம், நெல், கடன் பத்திரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோரிக்கைகள். 1969 ஏப்ரலில் சி.பி.ஐ. (எம்.எல்.) என்று தனிக் கட்சி அமைத்தபின் என்ன ஆனது? தேர்தல் புறக்கணிப்பு என்பது உத்தி என்ற நிலையிலிருந்து கொள்கை ஆனது. உழவர் சங்கம், தொழிற்சங்கம் போன்ற வெகுஜன அமைப்புகளே தேவையில்லை என்றார்கள். அவை பொருளாதாரவாதத்துக்குள், அதாவது கூலி, சலுகைப் போராட்டத்தோடு நின்றுவிடும் வழிக்குள், இழுத்துவிடுமாம். மிஞ்சியது இரகசியக் குழுவும் அழித்தொழிப்பும்.

இதன் விளைவைச் செய்முறையாகவே பாருங்கள். இரகசியக் குழு ஒரு ஜோதேதாரைக் கொன்றால், அவர் நிலத்தை உழுதவரின் பெயர் எங்கேயும் ஏறாது. போலீஸ் வரும், குழு வேறு மாவட்டத்துக்குப் போகும், ஜோதேதாரின் மகன் வருவார், உழுதவர் அங்கேயே இருப்பார். ஊர்க் கூட்டத்தில் சாட்சி சொல்லும் பழக்கத்தைக் கோனார் வளர்த்தார் என்றால், இரகசியக் குழு அதே பழக்கத்தைக் கொன்றது. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதே உயிராபத்தாகிவிட்டது. 1972 ஜூலையில் சாரு மஜும்தார் காவலில் இறப்பதற்குள் மூன்று காவல் நிலையப் பகுதிகளின் வாரக்காரர்கள் மறுபடி எழுத்தில்லாமலே இருந்தார்கள்.

1970ல் கல்கத்தா கல்லூரிச் சதுக்கத்தில் வித்யாசாகர் சிலையின் தலையை வெட்டியதும் இந்த மனநிலைதான். 1856ன் விதவை மறுமணச் சட்டத்துக்குக் கையெழுத்து வாங்கி அலைந்த மனிதர். அந்தச் சட்டத்தில் குறை உண்டா? உண்டு. மறுமணம் செய்தவள் முதல் கணவன் சொத்தில் உரிமையை இழப்பாள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த தலைமுறை உட்கார்ந்து அந்தப் பிரிவை விமர்சித்திருக்கலாம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துச் சிலையை உடைத்தார்கள். இலட்சியம் இறுகிப் போனால் கணக்குப் பார்க்கும் திறன் முதலில் போய்விடும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. இறுக்கம் இடதுசாரிக்கு மட்டும் உரியதல்ல. 1951ல் போச்சம்பள்ளியில் தொடங்கிய வினோபாவின் பூதானம் (நிலக்கொடை இயக்கம்) "சட்டமே வேண்டாம், மனம் மாறட்டும்" என்றது. அதுவும் ஒரு கோட்பாட்டுப் பிடிவாதம்தான். இலக்கு 5 கோடி ஏக்கர். வந்ததில் கல்லும் கரம்பும் வில்லங்கமும் கணிசம். கொடுத்தவர் பெயரிலிருந்து வாங்கியவர் பெயருக்குப் பதிவேடு மாறாமலே பல இடங்களில் கிடந்தது. மனம் மாறினாலும் ஏடு மாறவில்லை.

---

அடங்கல்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தில் நாம் மேற்கு வங்கத்துக்கு முந்தியவர்கள் என்றே சொல்லலாம். 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது, அப்போது ராஜாஜி முதலமைச்சர். வாரக்காரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு. 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளியேற்ற வேண்டுமானால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். 1956ல் நியாயக் குத்தகைச் சட்டம், நன்செயில் உடைமையாளருக்கு 40 சதவீதத்துக்கு மேல் கூடாது. பிறகு 1969ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். வாங்க மறுத்தால் குத்தகையைக் கட்டிவிடும் வழியும் நம் சட்டத்தில் உண்டு. வரப்பு சொன்ன ஒவ்வொரு பாகமும் நம்மிடமும் இருந்தது, கடைசி ஒன்றைத் தவிர.

அந்தக் கடைசி ஒன்று: எழுதியது யார்? அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டை எழுதியது கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை. பரம்பரைப் பதவி, பெரும்பாலும் ஊரின் பெரிய நிலக்காரருக்கு உறவு அல்லது அவர் தயவு. ஒவ்வொரு பசலியிலும் (வருவாய் ஆண்டிலும்) சாகுபடி செய்பவர் என்ற பத்தியில் உடைமையாளர் பெயரையே எழுதி "சொந்தச் சாகுபடி" என்று முடித்துவிட்டால், 1969 சட்டப்படி தாசில்தாரிடம் மனுப் போடுபவருக்கு ஆதாரம் என்ன? வங்காளத்தில் நிரூபிக்கும் பொறுப்பு புரட்டிப்போடப்பட்டது. இங்கே அது உழுபவர் தலையிலேயே இருந்தது. கர்ணம் முறையை ஒழித்தது 1980 நவம்பரில், பதிவுச் சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து. வரிசையே தலைகீழ். முதலில் எழுதும் கையை மாற்றியிருக்க வேண்டும்.

உடைமையாளர்கள் செய்த வேலைகளில் மூன்று எல்லாருக்கும் தெரிந்தவை. வருஷத்துக்கு ஒருமுறை வயல் துண்டை மாற்றிக் கொடுப்பது, தொடர்ச்சி வராமல் இருக்க. குத்தகைக்கு ரசீது தராமல் இருப்பது. கேட்டால் குத்தகைதாரர் இல்லை, கூலியாள் என்பது. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள் வேறு தனிப் பாத்தி. 1961ல் அவற்றுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள், உச்சவரம்பிலிருந்தும் விலக்கு இருந்தது. தனியார் நிலம் பல அறக்கட்டளை வேஷம் கட்டியது அந்தச் சந்தில்தான்.

உச்சவரம்பையும் பாருங்கள். 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970ல் அது 15 ஆனது. பெண்ணின் சீதன நிலம் 10 தர ஏக்கர் வரை தனிக்கணக்கு. மேற்கு வங்கம் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பகிர்ந்தது. நம் கணக்கு அதன் பக்கத்தில் வைக்கக் கூசும்.

ஆனால் இதைவிட அடிப்படையான வித்தியாசம் ஒன்று உண்டு, விவாதங்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. வங்காள வாரக்காரரில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் நிறைய. கீழத் தஞ்சையில் குத்தகைதாரர் பெரும்பாலும் இடைச்சாதி. தலித்துகள் பண்ணையாள், கூலி. குத்தகைப் பதிவு நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றிருந்தாலும் வெண்மணிச் சேரிக்கு அதனால் வரவு எதுவும் இல்லை. 1968 டிசம்பர் 25ல் அங்கே 44 பேர் எரிக்கப்பட்டது கூலித் தகராறின் தொடர்ச்சி, குத்தகைத் தகராறு அல்ல. அதனால் அங்கே பொருந்திய கருவி வேறு: கணபதியா பிள்ளை கமிஷன், அதன்பின் 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தந்த சட்டம். குடியிருப்புச் சட்டத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கூலி கேட்டால் "குடிசையைப் பிரி" என்ற மிரட்டல்தான் மிராசுதாரின் முதல் ஆயுதம். குடிசை நிற்கும் மண் சொந்தமானால் அந்த ஆயுதம் பாதி மழுங்கும்.

சிவப்புத்துண்டு சொன்னது இந்த இடத்தில் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். 44 உயிர் போகாமல் 1969 கூலிச் சட்டம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு இதே மண்ணில் வேறொரு பாதையும் உண்டு. 1981ல் கிருஷ்ணம்மாள், ஜெகநாதன் இருவரும் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு. நிலத்தைப் பிடுங்குவதில்லை, பேசி, அரசு, வங்கிக் கடன் மூலம் விலைக்கே வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம், பெண்ணின் பெயரில் பத்திரம். பூதானத்தின் ஓட்டையை அறிந்தவர்கள் செய்தது, அதனால் பத்திரம் முதலில்.

---

மலபார்_மழை

கேரளத்தைச் சேர்த்தால்தான் ஒப்பீடு முழுசாகும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

1957 ஏப்ரல் 5ல் ஈ.எம்.எஸ். அமைச்சரவை பதவியேற்றது. ஏப்ரல் 11ல் முதல் வேலையாக வெளியேற்றத் தடை அவசரச் சட்டம். நிலச் சட்டம் எழுத வருஷக்கணக்காகும், அதற்குள் நிலம் காலியாகிவிடும் என்று தெரிந்து முதலில் உறைய வைத்தார்கள். இதுதான் படிப்படியான வழியில் முதல் படி: எல்லாரையும் இருக்கும் இடத்திலேயே நிறுத்து, பிறகு பேசு.

அப்படியும் தாமதம் விலை கேட்டது. 1959 ஜூலை 31ல் அரசு கலைக்கப்பட்டது, மசோதா நீர்த்துப்போய் 1963ல் வேறு சட்டமானது. 1969 திருத்தம் 1970 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தபோதுதான் குத்தகை முறையே ஒழிந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எவ்வளவு நிலம் பாகப்பிரிவினையாகவும் தானமாகவும் எழுதப்பட்டது என்பது பதிவாளர் அலுவலகங்களுக்கே வெளிச்சம். படிப்படியாகச் செய்கிறேன் என்பவர் தன் அடுத்த படியை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், எதிராளி அந்தப் படியில் முன்னமே போய் உட்கார்ந்துகொள்வான்.

குடிகிடப்புக்காரர், அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டவர், பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை வாங்கிக்கொள்ளலாம். அடங்கல் சொன்ன அதே குறை இங்கும்: குத்தகைதாரர் நிலக்காரர் ஆனார், வயலில் நின்ற தலித் புலயர் பத்து சென்ட்டோடு நின்றார். தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்ததால் பெரிய எஸ்டேட்டுகளை யாரும் தொடவில்லை.

---

புத்தக_அலமாரி

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, நன்றி. ஒன்று மட்டும். பர்கா இவ்வளவு நன்றாக ஓடியது என்றால், அதே அரசுக்கு எதிராக 2006ல் சிங்கூரில் நிலமெடுப்புப் போராட்டம் ஏன் வெடித்தது? வட்டத்தில் இதை நிச்சயம் கேட்பார்கள்.

---

வரப்பு

கேட்கத்தான் வேண்டும். சிங்கூரும் ஹூக்ளி மாவட்டம்தான், ஹாலுசாய் இருக்கும் அதே மாவட்டம்.

கார்த் தொழிற்சாலைக்கு 997 ஏக்கர் எடுத்தார்கள், 1894ன் பழைய நிலமெடுப்புச் சட்டப்படி. அந்தச் சட்டத்துக்கு வாரக்காரர் யார் என்றே தெரியாது, உடைமையாளரைத்தான் தெரியும். மாநில அரசு தானாக முன்வந்து, பதிவு பெற்ற வாரக்காரருக்கு நில மதிப்பில் 25 சதவீதம் என்றது. பதியாதவருக்கு? விவசாயக் கூலிக்கு? அங்கேதான் சிக்கல். பர்கா இயக்கத்தின் வேகம் முதல் சில ஆண்டுகளோடு தணிந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்குப் பிடித்தவர்கள், ஒரு போகத்துக்கு மட்டும் உருளைக்கிழங்குக்காக எடுத்தவர்கள், இவர்கள் பெயரெல்லாம் ஏடேறவில்லை. அணைக்கட்டு ஒருமுறை கட்டினால் போதும், ஏடு அப்படியல்ல. ஒவ்வொரு சாகுபடிக்கும் புதுப்பிக்காவிட்டால் பத்து வருஷத்தில் பழைய பொய்க்கே திரும்பிவிடும்.

இரண்டாவது, 1978ல் மாலைக் கூட்டம் நடத்திய கட்சியும் பஞ்சாயத்தும் 2006க்குள் ஊரின் புது மேலிடமாகியிருந்தன. எந்தத் திண்ணையில் உட்காரக் கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்களோ, அந்த மாதிரித் திண்ணையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். தட்டிக்கேட்கத் தனி உழவர் அமைப்பு மிஞ்சவில்லை. சிவப்புத்துண்டு இதை எனக்கு எதிராகத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பதிவுச் சான்றிதழ் பெரும்பாலும் ஆண் பெயரில். கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ பெண் உழுத வயலில் பெண்ணுக்குப் பெயர் இல்லை. கூட்டுப் பட்டா என்ற யோசனை 1990களில்தான் வந்தது.

---

சிவப்புத்துண்டு

எதிராக எடுக்கப்போவதில்லை, ஒரு தகவல் சேர்க்கிறேன். 2016 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலமெடுப்பை ரத்து செய்தது. அதற்கு முன்பே 2013ல் புது நிலமெடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள் குத்தகைதாரர், வாரக்காரர், விவசாயக் கூலி எல்லாரும் வருகிறார்கள். நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டு அங்கே பிழைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மூன்று ஆண்டை எதை வைத்துக் காட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். ரசீது கிடையாது, அடங்கலில் பெயர் கிடையாது, பக்கத்து வயல்காரர் சாட்சிதான். அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னால் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சட்டமும் ஓடும் அல்லது நிற்கும். வட்டத்தில் பேசும்போது இந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள், இரண்டு பாட்டுக்கும் வேலை இருக்காது.